வீட்டுக்குள் நடப்பது

வருஷப் பிறப்பு நள்ளிரவு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும், காலணியைக் கழற்றிய கையோடு நூற்றியோராம் சங்கீதத்தை வாசிப்பது எங்கள் குடும்பத்தில் அப்பா காலத்து வழக்கம். அப்பா மிஷன் பள்ளி ஆசிரியர். உட்கார்ந்து வாசிக்கமாட்டார். நின்றுகொண்டு, ஏறக்குறைய அரசாங்க உத்தரவு வாசிப்பதுபோல் வாசிப்பார். மொத்தம் எட்டு வசனம். யார் யாரைத் தன் வீட்டில் சேர்ப்பேன், யார் யாரை வெளியே தள்ளுவேன் என்று ஒரு ராஜா சொல்லிக்கொண்டே போகும் சங்கீதம் அது. எனக்கு ஏழெட்டு வயதில் அந்த ராஜா அப்பாதான், வெளியே தள்ளப்பட இருப்பது நான்தான் என்பதில் சந்தேகமே இருக்கவில்லை.

அப்பா போனபிறகு வாசிக்கிற வேலை என்னிடம் வந்தது. மற்றபடி கோவிலுக்குப் பெரிய பண்டிகைகளுக்கு மட்டும் போகிற கிறிஸ்தவன் நான். விசுவாசம் பற்றி யாராவது நேரடியாகக் கேட்டால் பேச்சை ரில்கேக்குத் திருப்பிவிடுகிறவன். ஆனாலும் இந்த வாசிப்பை விட்டதில்லை. இந்த வருஷம் ஏழாம் வசனத்தில் என் குரல் நின்றுவிட்டது. கபடம் செய்கிறவனுக்கு என் வீட்டில் இடமில்லை என்று சொல்லும் வசனம் அது. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. மகள் நான் இடத்தைத் தவறவிட்டேன் என்று நினைத்து, எட்டிப் பார்த்து, விரலால் வரியைக் காட்டினாள். அன்றிலிருந்து இந்தச் சங்கீதத்தை ஒரு பிரதியாகப் படித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இருந்து வந்திருக்கிறது. அதற்குமுன் நான் அதைப் படித்தவனல்ல, வாசித்தவன் மட்டுமே.

முதலில் கண்ணில் படுவது அதன் வரிசை. ராஜா ஒருவன் தன் ஆட்சியின் கொள்கையைச் சொல்கிறான். எட்டாம் வசனத்தில்தான் பட்டணம் வருகிறது. அதற்கு முன் ஊழியர்கள். ஊழியர்களுக்கு முன் புறங்கூறுகிறவர்களும் அகந்தைக்காரர்களும். எல்லாவற்றுக்கும் முன்னால், இரண்டாம் வசனத்திலேயே, வீடு. என் வீட்டுக்குள் நான் பிளவுபடாத மனதோடு நடமாடுவேன் என்று தொடங்குகிறான். வீதியில் நடப்பதைப்பற்றி அல்ல, நாலு சுவருக்குள் நடப்பதைப்பற்றி. அந்தச் சங்கல்பத்துக்குச் சற்று முன்னால், வாக்கியத்தின் நடுவில், எதற்கும் சம்பந்தமில்லாததுபோல ஒரு கேள்வி விழுகிறது. நீர் எப்போது என்னிடம் வருவீர் என்று கடவுளைக் கேட்கிறான். வியாக்கியானக்காரர்களை இந்தக் கேள்வி சங்கடப்படுத்தி வந்திருக்கிறது. சங்கீதத்தின் ஓட்டத்தில் அது இடறுகிறது என்பது உண்மைதான். எனக்கென்னவோ மொத்தச் சங்கீதமும் அந்தக் கேள்வியில்தான் தொங்குகிறது என்று படுகிறது. வர வேண்டியவர் இன்னும் வரவில்லை. வீட்டில் பார்க்கிறவர்கள் யாரும் இல்லை. விருந்தாளி வந்தபின் எல்லோரும் ஒழுங்காகத்தான் நடப்போம். அவர் வருவதற்கு முன்னாலுள்ள, எவ்வளவு நீளம் என்று தெரியாத இந்த இடைவேளையில் நான் எப்படி நடக்கிறேன் என்பதே அவன் எடுத்துக்கொண்ட பிரச்சினை.

எபிரேயத்தில் 'தாமீம்' என்றொரு சொல். இந்தச் சங்கீதம் அதையும் அதன் வேரிலிருந்து வந்த இன்னொரு வடிவத்தையும் திரும்பத் திரும்ப உபயோகிக்கிறது. நம் தமிழ் வேதாகமம் அதை உத்தமம் என்கிறது. நல்ல சொல்தான், ஆனால் மேடையில் மாலை போடப்பட்டு நிற்கிற சொல். தாமீம் அப்படிப்பட்டதல்ல. பலி கொடுக்கக் கொண்டுவரும் ஆட்டுக்கு ஊனம் இருக்கக்கூடாது என்ற இடத்தில் வரும் சொல் அது. கால் நாலும் இருக்கிறதா, கண் இரண்டும் தெரிகிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, குறையில்லை, முழுசாக இருக்கிறது என்று சொல்வார்களே, அந்த முழுமை. ஆங்கிலத்தில் இன்டெக்ரிட்டி என்ற சொல்லும் பின்னமற்ற எண்ணைக் குறிக்கும் இன்டிஜர் என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. பி.ஏ.யில் இதை ஒரு தகவலாகக் கற்றேன். பின்னங்களின் நடுவிலேயே பிழைப்பு நடத்தும் இத்தனை வருஷங்களுக்குப் பிறகுதான் அதன் கனம் தெரிகிறது. முழுமை என்பது உயர்ந்திருப்பது அல்ல. ஒரு பகுதியை எடுத்து வேறிடத்தில் ஒளித்துவைக்காமல் இருப்பது.

சங்கீதத்தின் தலைப்பு அது தாவீதினுடையது என்கிறது. தாவீது எழுதினாரா என்பதை ஆராய்ச்சியாளர்களுக்கு விட்டுவிடலாம். ஆனால் தலைப்பை வைத்தவர்கள் தாவீதின் கதை தெரிந்தவர்கள். வீட்டு மாடியில் உலாவிக்கொண்டிருந்தபோது பத்சேபாளைப் பார்த்தவன். அவள் புருஷன் உரியாவைப் போர்முனையில் சாகவிட்டவன். தன் மகன் அம்னோன் தன் மகள் தாமாரைக் கெடுத்ததற்குக் கோபப்பட்டதோடு நிறுத்திக்கொண்டவன். இப்படி ஒருவனுடைய பெயரை இந்தச் சங்கீதத்தின் மேல் எழுத ஒன்று அசட்டுத்தனம் வேண்டும், அல்லது பயங்கரமான நேர்மை வேண்டும். இதில் இன்னொரு இழையும் இருக்கிறது. தாவீதின் ஆலோசகன் அகித்தோப்பேல். அவன் வார்த்தைக்குக் கடவுள் வாக்குக்குச் சமமான மதிப்பு இருந்ததாகச் சாமுவேலின் புத்தகம் சொல்கிறது. அப்சலோம் கலகம் செய்தபோது தாவீதைவிட்டு அந்தப் பக்கம் போனவன் அவன். பத்சேபாளின் தகப்பன் பெயர் எலியாம். தாவீதின் வீரர் பட்டியலில் அகித்தோப்பேலின் மகன் பெயரும் எலியாம். இரண்டு எலியாமும் ஒருவனே என்று கொண்டால் (அப்படிக் கொள்கிறவர்கள் உண்டு) பத்சேபாள் அகித்தோப்பேலின் பேத்தி. நண்பன் துரோகம் செய்துவிட்டான் என்று ராஜா அழும்போது, அந்தத் துரோகம் தன் வீட்டு மாடியில் ஆரம்பித்தது என்பது அவனுக்குத் தெரிந்திருக்குமா? சாமுவேலின் புத்தகம் வாய் திறப்பதில்லை. அதை எழுதியவன் கலைஞன்.

வீட்டில் எப்படி இருக்கிறோம், யாரைக் கூட்டாளியாகத் தேர்கிறோம் என்று இவற்றை இரண்டு பாடங்களாகத்தான் ஞாயிறு பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். முதல் பாடம் பொய் சொல்லாதே, இரண்டாம் பாடம் கெட்ட பையன்களோடு சேராதே. அவை இரண்டல்ல என்று நான் நினைக்க ஆரம்பித்தது பப்ரிசியஸால்.

அப்பா கையில் பிடித்து வாசித்த பழைய வேதாகமம் பப்ரிசியஸ் மொழிபெயர்ப்பு. தமிழ் லூதரன்கள் அதைத் தங்கம் என்றே சொல்லிவந்திருக்கிறார்கள். யோஹான் பிலிப் பப்ரிசியஸ் 1711இல் ஜெர்மனியில் பிறந்தவர். 1740இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1742இல் சென்னைக்கு அனுப்பப்பட்டார். அதன்பிறகு ஊர் திரும்பவில்லை. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோதும், 1758இல் லாலி முற்றுகையிட்டபோதும் பழவேற்காட்டுக்குப் போய்த் தங்கி, நிலைமை சரியானதும் சென்னைக்கே திரும்பிவந்தார். 1761இல் ஆங்கிலேயர்கள் பாண்டிச்சேரியிலிருந்து அச்சு இயந்திரம் ஒன்றைக் கைப்பற்றிக் கொண்டுவந்தார்கள். அது வேப்பேரியில் அவர் பொறுப்பில் வைக்கப்பட்டது. புதிய ஏற்பாடு, ஞானப்பாட்டுகள், 1779இல் தமிழ்-ஆங்கில அகராதி. பழைய ஏற்பாடு முழுதும் அச்சாகி முடிவதைப் பார்க்க அவர் இருக்கவில்லை. கல்யாணம் செய்துகொள்ளாதவர், எளிமையாக வாழ்ந்தவர். மொழிபெயர்க்கும்போது முழங்காலில் நிற்பார் என்று எங்கள் பாட்டி சொல்வாள். அது பக்தர்கள் கட்டிய கதையாக இருக்கலாம். ஆனால் அந்தத் தமிழைப் படிக்கிறவனுக்கு அதை நம்பத்தான் தோன்றும்.

இந்த மனிதர் முதுமையில் கடன்காரர் சிறையில் இருந்தார். ஞாயிறு பள்ளியில் இதைச் சொல்லித்தரவில்லை. கல்லூரி நூலகத்தில் மிஷன் சரித்திரம் ஒன்றைப் புரட்டியபோது தற்செயலாகக் கண்ணில் பட்டது. மிஷன் பணமும், போதகர் கையில் இருந்தால் பத்திரம் என்று நம்பி மற்றவர்கள் ஒப்படைத்த பணமும் அவரிடம் சேர்ந்திருந்தன. அவற்றை அவர் வட்டிக்குக் கொடுத்தார். அன்றைய சென்னையில் இது விபரீதமான காரியமே இல்லை. ஊரே கடனில் நடந்துகொண்டிருந்தது. ஆற்காட்டு நவாபுக்குக் கம்பெனி உத்தியோகஸ்தர்கள் கொடுத்த கடன் கடைசியில் லண்டன் பார்லிமெண்டுவரை போய், 1785இல் எட்மண்ட் பர்க் அதைப்பற்றி நீண்ட பிரசங்கம் செய்யும்படி ஆயிற்று. பப்ரிசியஸ் தகுதியில்லாதவர்களை நம்பினார். பணம் திரும்பவில்லை. பணம் போட்டவர்கள் கேட்டபோது கொடுக்க அவரிடம் ஒன்றுமில்லை. தனக்கென்று அதில் ஒரு காசு எடுத்ததாக யாரும் சொல்லவில்லை. 1788இல் கெரிக்கே நாகப்பட்டினத்திலிருந்து வந்து வேப்பேரி மிஷனை ஏற்றுக்கொண்டார். 1791 ஜனவரியில் பப்ரிசியஸ் இறந்தார்.

சரித்திரம் எழுதியவர்கள் இதைச் சொல்லும் விதம் எனக்கு எப்போதும் உறுத்தும். பரிசுத்தவான், உலகம் தெரியாதவர், குழந்தை மனசு, ஏமாற்றப்பட்டார் என்று ஒரு பாராவில் முடித்துவிட்டு அகராதிக்குத் திரும்பிவிடுவார்கள். நான் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன். எனக்கு முதலில் ஞாபகம் வருவது பரிசுத்தவான் அல்ல. பணம் போட்டுவிட்டுத் திண்ணையில் காத்திருந்தவர்கள். அவர்கள் பெயர் எந்தச் சரித்திரத்திலும் இல்லை. அவர்கள் பப்ரிசியஸின் கடனாளிகளை நம்பவில்லை. பப்ரிசியஸை நம்பினார்கள். அவர் இன்னொருவனைப் பார்க்காமல் நம்பியபோது, அவர்களையும் கேட்காமல் அவர்களையும் சேர்த்து நம்பவைத்துவிட்டார். குழந்தை மனசு என்று இதைச் சொன்னால் குழந்தைக்கு அநியாயம்.

அதனால் அவர் கபடஸ்தர் என்றா சொல்கிறேன்? இல்லை. அவரிடம் கபடம் இருக்கவில்லை. அதுவே இங்கே சிக்கல். மனம் சுத்தமாக இருந்தால் போதும், கணக்கு வேண்டாம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். அவருடைய வீட்டில் அவரைப் பார்த்து, யார் அந்த ஆள், எவ்வளவு கொடுத்தீர்கள், எப்போது வரும் என்று கேட்கும் உரிமையுள்ள இன்னொரு மனுஷி இல்லை. சங்கீதத்து ராஜா நம்பகமானவர்கள்மேல் தன் கண் இருக்கும் என்கிறான். கண், மனசு அல்ல. நம்புவதற்குப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அதன் அர்த்தமாகத்தான் இருக்க முடியும். பப்ரிசியஸ் இந்த வசனத்தையும் தமிழாக்கியவர். எந்தச் சொல்லை எத்தனை முறை அடித்து எழுதியிருப்பார்! ஒரு வினைச்சொல்லின் விகுதியைப் பார்த்த கண்ணால் அவர் கடன் சீட்டைப் பார்க்கவில்லை.

இவ்வளவும் எழுதியபிறகு என் கதையைச் சொல்லாமல் இருப்பது சரியாகாது. இந்தப் பத்திரிகையைப் படிக்கும் நூறு நூற்றைம்பது பேரில் பாதிப்பேர் ஊகித்துவிடுவார்கள் என்பதால் பெயரைமட்டும் விட்டுவிடுகிறேன்.

என்னோடு அதே வங்கியில் வேலை பார்த்தவர், கவிஞர். எங்கள் தலைமுறையில் நாலைந்து நல்ல கவிஞர்கள் என்றால் அவர் ஒருவர். ஊழியர் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்க இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்று என்னுடையது. என்ன செலவு என்று நான் கேட்கவில்லை, திருப்பிக் கட்ட என்ன வழி என்றும் கேட்கவில்லை. விண்ணப்பத்தை நீட்டிய அன்று மத்தியானம் தன் புதுக் கவிதை ஒன்றையும் அவர் நீட்டினார். முதலில் கவிதையைப் படித்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன். ஒரு வருஷம் ஒழுங்காகக் கட்டினார். அப்புறம் சம்பளமில்லா விடுப்பில் போனார், பிறகு வேலையையே விட்டார். சங்கத்தின் விதிப்படி பாக்கியில் பாதி என் சம்பளத்தில் பிடிக்க ஆரம்பித்தார்கள். மாதம் 4,200 ரூபாய்.

இதுவரை நடந்தது ஒரு அசட்டுத்தனம், அவ்வளவே. நீதிமொழிகள் புத்தகம் அந்நியனுக்கு ஜாமீன் நிற்காதே என்று நாலைந்து இடங்களில் எச்சரிக்கிறது. சாலொமோனுக்கும் இப்படி ஒரு கவிஞர் பழக்கம் இருந்திருக்கலாம். அடுத்து நான் செய்ததுதான் ஏழாம் வசனத்தில் என்னை நிறுத்தியது. சம்பளம் ஏன் குறைகிறது என்று மனைவி கேட்டாள். சங்கத்தில் சேமிப்புச் சந்தாவைக் கூட்டியிருக்கிறார்கள் என்றேன். நாக்கில் தடுக்காமல் வந்தது. கடனைச் சேமிப்பாக்கிச் சொல்கிறோம் என்று சொல்லும்போதே தெரிந்தது. வங்கிக்காரன் புத்தி, பற்றை வரவுப் பக்கம் எழுதினால் கூட்டல் எப்படியும் சரியாக வந்துவிடுகிறது. ஐந்து மாதம் அப்படியே ஓடியது. நவம்பரில் அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்றானபோது, மிகவும் சந்தோஷமாக, "அந்தச் சேமிப்பிலேர்ந்து எடுத்துக்கலாம்ல? அஞ்சு மாசத்துக்கு இருபத்தோராயிரம் ஆயிருக்குமே" என்றாள். மனசுக்குள் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறாள்.

சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. நெடுநேரம் கழித்து ஒரு கேள்வி கேட்டாள். "நீங்க அவரை நல்லவர்னு நம்பிக் கையெழுத்துப் போட்டீங்களா, நல்லா எழுதறவர்னு போட்டீங்களா?"

இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று எனக்குத் தோன்றியிருக்கவே இல்லை. கலை வேறு ஒழுக்கம் வேறு என்று இதே பக்கங்களில் நான் எழுதியிருக்கிறேன். இப்போதும் அதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. கவிதையைக் கவிஞனின் நடத்தையால் எடைபோடுவது பாமரத்தனம். ஆனால் நான் செய்தது அதற்கு நேர்மாறான பாமரத்தனம். கவிதையின் எடையைக் கவிஞனின் நடத்தைக்குப் போட்டுக்கொடுத்தேன். படிமம் கச்சிதமாக இருந்தது, ஆகவே தவணையும் கச்சிதமாக வரும் என்று எனக்குள் ஏதோ ஒன்று முடிவு செய்திருக்கிறது. பப்ரிசியஸ் தாம் நம்பியவர்களின் பக்தியைப் பார்த்து நம்பினாரோ என்னவோ. நான் ரசனையைப் பார்த்து நம்பினேன். இருவருமே பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை.

பார்க்க வேண்டிய இடம் எது என்பதைச் சங்கீதம் சொல்கிறது, அதுவும் எனக்கு ஆச்சரியமான இடம். வெளியே தள்ளப்பட வேண்டியவர்களில் பெயர் சொல்லி முதலில் வருபவன் திருடன் அல்ல, விபசாரன் அல்ல, அந்நிய தெய்வத்தைக் கும்பிடுகிறவன் அல்ல. அயலானைப்பற்றி மறைவில் புறங்கூறுகிறவன். இந்தச் சங்கீதத்துக்கு 1534இல் விரிவுரை எழுதிய லூதருக்கு முன்னால் சாக்ஸனி அரண்மனை இருந்தது. அரண்மனைகளில் புறங்கூறல் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். நம்முடையது அரண்மனை இல்லை. அச்சகத்து மாடியில் ஒரு அறை, இரண்டு பெஞ்சு, டீ. நம் சாயங்காலங்களிலிருந்து, அன்று வராதவர்களைப்பற்றிய பேச்சைக் கழித்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று ஒவ்வொருவரும் தனியாக யோசித்துப் பார்க்கலாம். என் நண்பர் இதில் வித்தகர். இல்லாதவர் ஒருவரின் நடையை, இருமலை, மனைவியிடம் அவர் பேசும் தினுசைச் செய்துகாட்டுவார். நான் கண்ணில் நீர்வரச் சிரித்திருக்கிறேன். அதை விமர்சன நோக்கு என்றுகூட நினைத்தேன். நான் எழுந்துபோன பிறகு அதே அறையில் என் இருமல் செய்துகாட்டப்படும் என்பது தெரிந்தே இருந்தது, தெரிந்தும் ஒருவித கர்வம் இருந்தது. எதிரில் இல்லாத மனிதனிடம் ஒருவனுக்கு எவ்வளவு சிரத்தை இருக்கிறதோ அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியாத கடனிடமும் இருக்கும் என்று அந்தச் சிரிப்பின் நடுவில் எனக்குப் படவில்லை. என் மனைவிக்குப் பட்டிருக்கிறது. இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்பே ஒரு தடவை, அவர் வந்துவிட்டுப் போனபிறகு தம்ளர்களை எடுத்துக்கொண்டே, "இவர் வந்துட்டுப் போனா நம்ம வீட்டைப்பத்தி எங்க போய் என்ன பேசுவாரோன்னு இருக்கு" என்றாள். அதைப் பெண்களின் பயம் என்று ஒதுக்கினேன். கூட்டாளியைத் தேர்ந்தவன் நான். அவரோடு கூட வாழ வேண்டியிருந்தது அவளும்தான்.

இதற்கெல்லாம் எதிராகச் சுவிசேஷம் நிற்கிறது என்பதை மறைக்கவில்லை. இந்தச் சங்கீதத்தின்படி பார்த்தால் இயேசுவின் பந்தி முழுக்கத் தள்ளப்பட வேண்டியவர்கள். வரி வசூலிக்கிறவர்களும் பாவிகளும் கூட உட்கார்ந்து சாப்பிட்டார்கள், அதுவே அவர்மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டு. அதைவிடப் பெரியது யூதாஸ். கூட்டத்தின் பணப்பை அவனிடம் இருந்தது, அதில் போட்டதை அவன் எடுத்துக்கொண்டான் என்று யோவான் கூசாமல் எழுதுகிறார். ஒரு குமாஸ்தாவுக்கு இது தாங்கமுடியாத செய்தி. வசூல் நன்றாகத் தெரிந்த மத்தேயு அங்கேயே இருக்கும்போது பையை ஏன் இவனிடம் கொடுத்தார்? கடைசி இரவில் யூதாஸ் எழுந்து வெளியே போகும்போது மற்றவர்கள், பண்டிகைக்கு ஏதோ வாங்கப் போகிறான், அல்லது ஏழைகளுக்குக் கொடுக்கப் போகிறான் என்றல்லவா நினைக்கிறார்கள்! வேதவாக்கியம் நிறைவேற வேண்டியிருந்தது என்ற பதிலை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அது கணக்கு முடிக்கத் தெரியாதவர்கள் போடும் சஸ்பென்ஸ் கணக்கு.

எனக்குப் பதில் தெரியாது. ஆனால் ஒரு வித்தியாசம் தெரிகிறது. யோவானின்படி அவருக்கு யூதாஸைத் தெரிந்திருந்தது. கண்ணைத் திறந்துகொண்டு பக்கத்தில் வைத்திருந்தார், விலையைத் தானே கொடுத்தார். பப்ரிசியஸ் பார்க்கவில்லை, பணம் போட்டவர்கள் விலை கொடுத்தார்கள். நான் பார்க்கவில்லை, என் மாமியாரின் கண் விலையாக இருந்தது. (ஆபரேஷன் நடந்தது. மனைவி தன் வளையலை அடகு வைத்தாள். வைத்தது என் வங்கியில் அல்ல.) பாவிகளோடு பந்தியிருக்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறவன், சாப்பாடு யாருடைய தட்டிலிருந்து போகிறது என்று பார்க்கக் கடமைப்பட்டவன். தலைசாய்க்க இடமில்லாத ஒருவர் செய்ததை, வாடகை வீடும் ஒரு குழந்தையும் உள்ள நான் என் தாராளத்துக்கு முன்மாதிரி காட்டிக்கொள்ள முடியாது.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் இதைப்பற்றி ஓர் இடம் உண்டு, ஐந்தாம் அதிகாரத்தில். கெட்டவர்களோடு சேராதீர்கள் என்று தான் எழுதியதை அவர்கள் தவறாகப் புரிந்துகொண்டதாகச் சொல்கிறார். உலகத்திலுள்ள பேராசைக்காரரையும் மற்றவர்களையும் விலக்கச் சொல்லவில்லை, அப்படியானால் உலகத்தைவிட்டே போக வேண்டியிருக்கும், சகோதரன் என்ற பெயரை வைத்துக்கொண்டு அப்படி நடப்பவனையே சொன்னேன் என்கிறார். கண்டிப்பு உள்ளே, தாராளம் வெளியே. நாம் செய்து வருவது தலைகீழ். வெகுஜன எழுத்தாளன் ஒருவனோடு ஒரு டீ குடித்தால் தீட்டு. நம் ஆள் என்றால் எதற்கும் ஜாமீன். சபைகளில் நடப்பதும் இதுவேதான் என்று கோவில் கமிட்டியில் இருக்கும் என் சித்தப்பா சொல்வார். அவர் சொல்கிற உதாரணங்களை இங்கே எழுதினால் நானும் புறங்கூறுகிறவர்களின் வரிசையில் சேர்ந்துவிடுவேன்.

நண்பரிடம் போய்ப் பேசினேன். இதை மனைவிதான் போகச் சொன்னாள். அவருக்கு வெட்கம் இருந்தது. அது நடிப்பில்லை. அவர் வீட்டில் நிலைமை நான் நினைத்ததைவிட மோசம். அதைச் சொல்லாமல் விட்டது அவருடைய கௌரவம், கேட்காமல் விட்டது என்னுடைய சோம்பல். முடிந்தபோது கொடுப்பதாகச் சொன்னார். இரண்டு தடவை கொடுத்தார். இப்போதைக்கு அவ்வளவுதான். அவரை என்ன செய்வது என்று சங்கீதம் எனக்குச் சொல்லவில்லை. நான் ராஜாவல்ல. ஏழாம் வசனப்படி முதலில் வீட்டைவிட்டுப் போக வேண்டியவன் நான். என் மனைவி என்னைப் போகச் சொல்லவில்லை என்பதைத் தவிர இந்த விஷயத்தில் கிருபை என்ற சொல்லுக்கு எனக்கு வேறு பொருள் தெரியவில்லை. சங்கீதம் இரக்கத்தையும் நியாயத்தையும் சேர்த்துப் பாடுவதாகத்தான் ஆரம்பிக்கிறது. அந்த முதல் வசனத்தை அப்பா எப்போதும் அவசரமாகத் தாண்டிவிடுவார்.

சம்பளச் சீட்டு இப்போது மாதாமாதம் அவளிடம் போகிறது. அவளாகக் கேட்கவில்லை, நானாகக் கொடுக்கிறேன். முதல் இரண்டு மாதம் இருவருக்கும் கூச்சமாக இருந்தது. இப்போது அதன் பின்பக்கத்தில் மளிகைக் கணக்குப் போடுகிறாள்.

சென்ற வாரம் நண்பரின் தொகுதி வந்தது. மதிப்புரை எழுதித் தரும்படி ஆசிரியர் கேட்டிருக்கிறார். நல்ல தொகுதி. எழுதுவேன், அதில் கடனைப்பற்றி ஒரு வார்த்தை இருக்காது. புத்தகம் மேஜைமேல் கிடந்ததை மனைவி எடுத்து, சமையலறை வாசலில் நின்றபடியே ஏழெட்டுப் பக்கம் படித்தாள். "நல்லாத்தான் எழுதியிருக்கார்" என்றாள். பிறகு, கிறிஸ்துமஸுக்கு அவரைக் குடும்பத்தோடு சாப்பிடக் கூப்பிடுவதா என்று அவளே கேட்டாள். ஒவ்வொரு வருஷமும் நான்தான் முடிவு செய்து அவளுக்குத் தலை எண்ணிக்கை சொல்வேன். இந்தத் தடவை நீயே சொல் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். இன்னும் சொல்லவில்லை.